வாங்க என்று சொல்லாத அண்ணனுக்கு

என் செல்ல அண்ணாவுக்கு,

பாசம் நிறைய இருக்கிறது, கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை உங்களை ஒரு வார்த்தை திட்ட என்னை விட்டதில்லை நீங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எதையாவது செய்து சிரிக்க வைத்துவிடுவீர்கள். இனி அது நடக்காது, அதனால் முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே செய்தி என்னவென்றால், நீங்கள் முன்பைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் டிவியைப் போட்டால் உங்கள் காமெடிதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனிலும் நீங்கள்தான். வாட்ஸ்அப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் உங்கள் மூஞ்சிதான் ஸ்டிக்கராக வந்து விழுகிறது. போன வாரம் ஒரு சேனலில் உங்கள் கடைசிப் படத்தைப் போட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் வந்து, இறுதிவரை அந்தக் கொங்குக் குரலில் குறும்பு குறையவே இல்லை என்று உருகினாள். நான் டிவியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

அது உங்கள் குரலே இல்லை என்பது யாருக்குத் தெரியும்? அண்ணிக்கு, எனக்கு, படக் கம்பெனிக்கு, உங்களைப் போலவே டப்பிங் பேசிக் கொடுத்த மிமிக்ரித் தம்பிக்கு. படப்பிடிப்பு முடிந்து டப்பிங் பேசுவதற்குள் புற்றுநோய் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. படம் வெளிவரும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றது கம்பெனி, சரி. வெளிவந்த பிறகும் ஏன் மறைத்தீர்கள்? கேட்டதற்குப் போனில் எழுத்தாகத் தட்டிக் காட்டினீர்கள். "என்னையப் பாத்தாச் சனம் சிரிக்கோணும் பாப்பா. உச்சுக் கொட்டக் கூடாது." அதோடு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டீர்கள்.

நம் பக்கத்து மரியாதை எல்லாம் வாசலில் இருக்கிறது. வருகிறவரை, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் யாரோ ஒருத்தர் சொல்லாமல் விட்டதற்காகக் கொடுக்கல் வாங்கலே நின்றுபோன குடும்பங்களை நாம் பார்க்கவில்லையா?

என் மகள் கல்யாணத்தில், பெருந்துறை மண்டப வாசலில் தாய்மாமனாக நின்றே தீருவேன் என்று அடம்பிடித்தது நீங்கள்தான். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கழுத்தில் பட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் சிரித்துச் சிரித்துக் கும்பிட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று உங்களுக்கும் சேர்த்து வாங்க வாங்க என்று கத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் செல்ஃபி எடுத்தார்கள். மீதிப் பேர், நடிகருக்குத் தலைக்கனம் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

அப்போதுதான் வெள்ளகோவில் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அப்பா போன பிறகு நம் இரண்டு பேருக்கும் சோறு போட்டு வளர்த்தவர். சினிமாவுக்குப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது ஊரே கைகொட்டிச் சிரிக்க, அவர் மட்டும் உங்களை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். நீங்கள் கும்பிட்டீர்கள். மாமா நகரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாப்ள, நாலு பேரு பாக்கற எடத்துல வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உன்ற பவுசு கொறஞ்சு போயிருமா?"

நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தீர்கள். அதுதான் வினையாகப் போயிற்று. படத்தில் பெரிய மனிதர்களைக் கேலி செய்ய நீங்கள் இப்படித்தான் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பீர்கள். அதைப் பார்த்துத்தானே தியேட்டரே அதிரும்? பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். மாமா கையை உதறினார். பந்தியில் உட்காராமல் போய் பஸ் ஏறிவிட்டார்.

நீங்கள் போன அன்றும் அவர் வரவில்லை. சிறிது காலமாக உடல்நலம் இல்லை என்று மட்டும்தான் செய்தியில் சொன்னார்கள். ஊர் முழுக்க மாலை வந்தது. உங்கள்மேல் போர்த்த வேண்டிய மாமன் வீட்டுக் கோடித்துணி மட்டும் வரவில்லை.

இதற்கு மேலும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் போனேன்.

"அண்ணனுக்கு அன்னிக்கே பேச்சு இல்லீங்க மாமா. தொண்டையை எடுத்துப்போட்டாங்க. அதனாலதானுங்க வாங்கன்னு சொல்லலை."

"அதெப்படி கண்ணு? கல்யாணத்துக்குப் பொறகு வந்த படத்துல வாய் ஓயாமப் பேசறான்."

"அது வேற ஒருத்தரு பேசுனதுங்க."

"அவன்ற கொரலு எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளத்த பையன். செத்தவனுக்காகப் பொய் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தியா?"

அந்த மிமிக்ரித் தம்பி அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறான் அண்ணா. நான் என்ன செய்ய?

என் போனில் இருந்த வீடியோவை எடுத்துக் கொடுத்தேன். உங்கள் வீட்டு பால்கனியில், துண்டு இல்லாமல், கழுத்துத் துளை தெரிய உட்கார்ந்திருப்பீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னபடி என்னைப் பாப்பா என்று கூப்பிட முயற்சி செய்வீர்கள். வெறும் காற்றுதான் வரும். மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சத்தத்தைக் கூட்டு கண்ணு."

"முழுசாத்தான் வெச்சிருக்கறனுங்க மாமா."

போனைக் காதில் வைத்துக்கொண்டார். வீடியோ முடிந்த பிறகும் எடுக்கவில்லை. நானாகத்தான் கையிலிருந்து வாங்கினேன். எழுந்து உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நேற்று அவருடைய மருமகள் போன் செய்தாள். "ஏனுங்க, எதுக்குங்க வந்து சொன்னீங்க? கோவமா இருந்தவரைக்கும் ஒழுங்காச் சாப்பிட்டுட்டு, அண்ணனத் திட்டிட்டே அவரு படத்தையெல்லாம் பாத்துட்டு இருந்தாருங்க. இப்ப டிவியே போட உடறதில்லீங்க. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயர்றாருங்க."

அவருடைய கோபத்துக்குள் நீங்கள் உயிரோடு இருந்திருக்கிறீர்கள் அண்ணா. என்றைக்காவது வந்து வாங்க மாமா என்று சொல்வீர்கள் என்றுதான் உங்கள் சாவுச் செய்தியைக் கேட்ட பிறகும் அந்த மனுஷன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. உண்மையைச் சொன்னால் மனசு ஆறிவிடும் என்று எனக்கு யார் சொன்னது? ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. உங்களைத் திட்டலாம் என்றால் நீங்களும் இல்லை.

ஒன்று மட்டும் செய்வேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளகோவில் போவேன், அதற்கு அடுத்ததும் போவேன். மாமா முன்னைப்போலப் பேசுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வா கண்ணு என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, நானாக உள்ளே போய் அவருக்கு எதிரே உட்காருவேன். அவர் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
பாப்பா