தண்ணீர் கேட்கிற வண்டி

கெல்டேல், யார்க்‌ஷயர்
அக்டோபர் 9

அன்பு மகள் ஹேசலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளை கிராண்டும் குழந்தையும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று நாலு வரி வந்தால்தான் எங்களுக்கு இங்கே டீ தொண்டையில் இறங்கும், அதனால் சோம்பல்படாமல் எழுது. மழை நின்றபாடில்லை. மேற்குப் பக்கக் கூரையில் ஓடு பறந்துவிட்டது, நானே ஏறிப் போட்டேன், திட்டாதே, ஏணியை உன் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் பிடித்த பிடியைவிடத் திட்டிய திட்டுதான் என்னை விழாமல் காப்பாற்றியது. கண்காட்சியில் என் வெங்காயத்துக்கு இந்த வருஷமும் இரண்டாம் பரிசுதான், அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. நீ வசந்த காலத்தில் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன், அம்மாவின் வண்டியைப் பற்றி.

அந்தப் பச்சை பெல்பரி காரை நீ மறந்திருக்க மாட்டாய், போன முறை வந்தபோது அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்க முடியாமல், நானும் கிராண்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உன்னை இழுத்துப் போட்டோமே. இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான். உன் அம்மா நர்ஸ் வேலையை விட்ட வருஷம் நம் டாக்டரிடமிருந்து வாங்கியது. சாவியைக் கொடுக்கும்போது அந்த மனுஷன் அப்படிச் சிரித்தார், அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். வைப்பர் வேலை செய்யும், மழை இல்லாத நாளில். கூரைக்குப் பதிலாக இருக்கும் மேல்துணி ஒழுகித் தரையில் தண்ணீர் தேங்குகிறது என்று டாக்டரே தரையில் ஓட்டை போட்டு வைத்திருந்தார், அதை ஒரு வசதி என்று சொல்லித்தான் விற்றார். வண்டியை எப்போதும் சரிவில்தான் நிறுத்த வேண்டும், மறுநாள் உருட்டிக் கிளப்புவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலே, மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். நம் கெல்டேலில் மேடு இல்லாத சாலையை நீ எனக்குக் காட்டு. நான் முப்பது வருஷம் இதே பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டினவன், பனியிலும் ஒரு நாள் வழியில் நின்றதில்லை, என் பெண்டாட்டி வாரத்துக்கு நாலு நாள் சாலையோரம் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லு.

நீயும் பயந்துதான் எழுதினாய். ஆள் அரவமில்லாத மேட்டில் அம்மா தனியாக நின்றுபோனால் என்ன செய்வாள், ஒன்று அதைச் சரி பண்ணுங்கள், இல்லையென்றால் விற்றுத் தொலையுங்கள் என்று. அந்தக் கடிதம் வந்ததும் எனக்கு உள்ளுக்குள் குஷி, பொய் சொல்ல மாட்டேன். சந்தை ஊரில் பட்டறை வைத்திருக்கிறானே கிளைவ், அவனை வரச் சொல்லி வண்டியைக் கொடுத்தனுப்பினேன். அவன் பழைய ரேடியேட்டரைக் கழற்றிக் கடாசிவிட்டுப் புதுசு போட்டான், மின்விசிறி வைத்தான், ஒயரெல்லாம் புதிதாக இழுத்தான், கதவைக்கூடச் சரி பண்ணிவிட்டான். இதற்கெல்லாம் உன் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. சரி என்றாள். உன் அம்மா சரி என்றால் எங்கோ இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் புத்தி வரவில்லை. வண்டி வந்ததும் மேட்டைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா ஓடுச்சு" என்று சொல்லிக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் கையெல்லாம் கரியோடு வந்து, யார் வீட்டில் என்ன, எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்று நான் படுக்கப் போகும்வரை நிறுத்தாமல் சொல்வாளே, அந்த வாய் மூடிக்கொண்டது.

அப்புறம் வண்டி கொட்டகைக்குள் போனது, மேலே ஒரு போர்வையும் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் படம் பண்ண ஆரம்பித்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே நாம் சரி பண்ணினோம், ரொம்பப் பத்திரமாக இருந்தாள், உயிரே இல்லாமல். ஓய்வு பெற்ற புதிதில் இருந்தாளே, காலையில் எழுந்து எதற்கு எழுந்தோம் என்று நிற்பாளே, அதே முகம். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எனக்குப் புரிய வைத்தது அவள் இல்லை, தபால் ஆபீஸ் கியூ. அங்கே நின்றால் ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள், "என்ன வில்ஃப், நர்ஸம்மாவ ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று. அதெல்லாம் இல்லை, வண்டியைச் சரி பண்ணிவிட்டோம், இப்போது எங்கேயும் நிற்பதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். சொன்னதும் எல்லாருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. கவுண்டரில் இருக்கும் மார்ஜரி தபால்தலையைக் கிழித்தபடி, "அடடா, அப்படியா" என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் உன் அம்மாவின் கையில் பிறந்தவர்கள், நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவையும் தட்டாமல் உள்ளே போனவள் அவள். பையைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குக் கதவெல்லாம் மூடிக்கொண்டது. அதைத் திரும்பத் திறந்தது அந்த ஓட்டை ரேடியேட்டர்தான். வண்டி கொதிக்கும், அருகில் எந்த வீடோ அங்கே போய்க் கொஞ்சம் தண்ணீர் என்பாள், அவர்கள் தண்ணீரும் கொடுத்து, ஆறட்டும் உள்ளே வாங்க என்று டீயும் கொடுப்பார்கள். நான் என்னவோ அவள் நடுரோட்டில் அல்லாடுகிறாள் என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், வண்டி நன்றாகத்தானே இருக்கிறது, போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வாயேன் என்று. என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "சும்மா போய் ஒருத்தங்க வீட்டுக் கதவத் தட்டச் சொல்றியா? எதுக்கு வந்தேன்னு சொல்றது?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஆட்களை உனக்குத் தெரியும், காரணம் இல்லாமல் கதவைத் தட்டினால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். கூரை பற்றி எரிந்தால்கூடப் பக்கத்து வீட்டில் போய், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று தொடங்கிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வோம்.

மறுநாளே கிளைவிடம் போய், பழைய ரேடியேட்டரைத் திரும்பப் போட்டுக்கொடு என்றேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "பெரியவரே, ஓடுற வண்டிய ஓடாம பண்ணிக் குடுன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்ததில்ல. அத எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இருந்தாலும் மாட்ட மாட்டேன், ஊர்ல என் மானம் போயிடும்" என்றான். பஸ் ஓட்டினவன் வந்து இப்படிக் கேட்டதை அவன் இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான், சிரிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. என்னை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போ என்றேன். வாங்கிய அன்றைக்கு ஒருமுறை உட்கார்ந்ததோடு அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று நான் சபதம் போட்டதை உன் அம்மா மறக்கவில்லை, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மேல்துணியைக் கழற்றிவிட்டுக் கிளம்பினோம். ஹேசல், நான் ஒன்று சொல்கிறேன், நீ கிராண்டிடம் சொல்லிச் சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷம் உயரத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டி எனக்கு இந்தச் சாலை அத்துப்படி என்று நினைத்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறோம், கையை நீட்டினால் சாலை தட்டுப்படும். மேட்டின் உச்சியிலிருந்து அவள் இறக்கினாள் பார், எஞ்சின் போடுகிற சத்தம் இரண்டு பக்கத்துக் கல்சுவரிலும் மோதித் திரும்பி வந்து நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிறது, ஆடெல்லாம் சிதறி ஓடுகிறது, வளைவில் என் வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். தொப்பி போனது போனதுதான். மெதுவாகப் போ என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன், வந்தது சிரிப்பு. உன் அம்மாவும் சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்கப்புறம் சிரித்தாள்.

அடுத்த ஏற்றத்தில் டோனாவின் பண்ணை வருமே, பள்ளிக்கூடத்தில் உனக்கு ரொம்பக் கீழ் வகுப்பு, ஊற்றுப்பக்கம் வீடு, அவளும் உன் அம்மா கையில் பிறந்தவள்தான். கோடையில் அவளுக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த வாசல் நெருங்கியதும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது, உன் அம்மா கழுத்தைத் திருப்பி அந்த வீட்டையே பார்த்தாள், புகைபோக்கி, கொடியில் தொங்குகிற குழந்தைத் துணி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடந்து போனாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நிறுத்து, சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். "என்ன சத்தம்? ஒரு சத்தமும் இல்லையே" என்றாள். எனக்குத் தெரியும், நான் பஸ் ஓட்டினவன், இது கொதிக்கப் போகிறது, நிறுத்து என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, சரியாக அந்த வாசலுக்கு நேரே நிறுத்தி, இறங்கிப் பானெட்டைத் தூக்கி வைத்தாள். திரும்பி என்னிடம், "இளிக்காத வில்ஃப், மூஞ்சியக் கொஞ்சம் கவலையா வச்சுக்கோ" என்றாள்.

கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. டோனா கையில் ஜக்கோடு ஓடி வந்தாள், தோளில் குழந்தை வீறிட்டு அழுகிறது, தலை வாரி எத்தனை நாளானதோ, கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. "நர்ஸம்மா, உங்க வண்டி எப்படா மக்கர் பண்ணும்னு தினமும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழந்தை பால் குடிக்கமாட்டேன் என்கிறது, எடை ஏறவில்லை, புருஷன் பகலெல்லாம் ஆடுகளோடு மேட்டில், போன் பண்ணலாம் என்றால் ஓய்வு பெற்றவரை எப்படித் தொந்தரவு பண்ணுவது என்று வாரக்கணக்கில் தனியே அழுதிருக்கிறாள். உன் அம்மாவோ பிடித்த நாடகத்தை விடவில்லை, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து ஜக்கைச் சாய்த்தாள். புது ரேடியேட்டர், விளிம்புவரை தளும்ப நிற்கிறது, ஊற்றிய தண்ணீர் அத்தனையும் வழிந்து என் நல்ல ஷூவை நனைத்தது. டோனா நடக்கத் தெரிந்த நாளிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவள், நிறைந்த ரேடியேட்டர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா. பார்த்தாள். என் ஷூவையும் பார்த்தாள். பிறகு குழந்தையை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "இது பத்தாது நர்ஸம்மா, ரொம்பத்தான் கொதிச்சிருக்கு, நான் இன்னொரு ஜக்கு பிடிக்கிறேன், நீங்க உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே போனவள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டு, தோளெல்லாம் பால் வாடையோடு. குழந்தையைப் பிடிக்கிற பிடியில்தான் கோளாறாம், சொல்லிக் கொடுத்ததும் பசித்த கன்றுக்குட்டி மாதிரிக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாம். நான் ஈர ஷூவோடு வண்டியிலேயே அவர்களுடைய நாயுடன் உட்கார்ந்திருந்தேன், என்னை ஒருத்தரும் டீக்குக் கூப்பிடவில்லை, பரவாயில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை, எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது, காற்று கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் இந்த வாரத்தில் வண்டி தினமும் எங்கேயாவது கொதிக்கிறது. நேற்றுத் தபால் ஆபீஸில் மார்ஜரி முகத்தில் துளிச் சிரிப்பு இல்லாமல், "உங்க வண்டி பழையபடி மோசமாயிடுச்சாமே" என்றாள். படுமோசம் என்றேன். கியூவில் நின்றவர்கள் எல்லாரும் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

ஆகையால் கண்ணு, நீ கேட்டபடி வண்டியைச் சரி பண்ணியாயிற்று, அம்மாவுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, நிம்மதியாக இரு. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது யாராவது கேட்டால், இன்னும் அதே ஓட்டை வண்டிதான் என்று சொல், மறந்துவிடாதே. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தனிப் பார்சலில் வருகிறது, அளவு பெரிதாக இருந்தால் பிள்ளையை வளரச் சொல். உங்கள் மூன்று பேரையும் கடவுள் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அந்தத் தெருவுக்குக் குடிபோய் இரண்டு வருஷமாகிறது, எதிர்வீட்டு அம்மாவின் பெயர்கூடத் தெரியாது, பகலெல்லாம் நீயும் குழந்தையும்தான் என்று. நீ ஓட்டுவது ஒரு நாளும் வழியில் நிற்காத ஜப்பான் வண்டி, எனக்கு இப்போது உன்னை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. நாளைக்குக் காலையில் அந்த எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு நேரே பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நில்.

என்றைக்கும் உன் அப்பா,
வில்ஃப்