நீங்கள் சொல்லாத கோல்

அக்கா,

இன்று காலை கறிக்குக் கிழங்கு சீவ உட்கார்ந்தவள், சீவி முடித்ததும் இருந்ததில் பெரிய கிழங்கை எடுத்து மேசையின் ஓரத்தில் நிறுத்திவிட்டேன். கை தானாகச் செய்த வேலை. பெரிய கிழங்குதான் எப்போதும் கோல் கீப்பர் என்பது உங்கள் சட்டம். அதற்கு முன்னால் சின்னக் கிழங்குகளைப் பரப்பினேன். எதிரணிக்குக் கரட். பந்துக்கு ஒரு பச்சைப் பட்டாணி. எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தபிறகு பட்டாணியைத் தள்ள விரல் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கிழங்கெல்லாம் கறுத்துப்போயிற்று. இனி வேறு கிழங்கு சீவவேண்டும்.

நாமிருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். உங்களுடையது ஒரு பக்கம் உடைந்திருந்தது, என்னுடையது மறுபக்கம். இந்த மடலில் உங்கள் வாயில் என் யாழ்ப்பாணத் தமிழைப் போட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். எப்படியும் "அக்கா" என்பது நீங்கள் விரும்பி வாங்கிக்கொண்ட சொல்தானே. நான் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் உங்கள் உக்ரைன் பெயர் என்று சிட்னியில் நாம் வேலை செய்த வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாதிப் பேர் நம்பினார்கள். மேற்பார்வையாளர் ஒருநாள் ரோஸ்டரிலும் அப்படியே எழுதிவைத்தார். நீங்கள் திருத்தவில்லை.

தேநீர் இடைவேளையில் எஃகு மேசையைத் துடைத்துவிட்டு நீங்கள் கிழங்கு அடுக்கத் தொடங்கினால், பாத்திரம் கழுவுகிறவர்கள்கூடக் கையை உதறிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிழக்கு உக்ரைனில் ஒரு நிலக்கரி நகரம் உங்களுடையது. அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். செம்மஞ்சளும் கறுப்பும் உடுத்த அந்த ஊர்க் கால்பந்து அணி ஐரோப்பியப் போட்டிகளில் ஆடிய கதைகள்தான் உங்கள் சொத்து முழுவதும். உள்ளூர் லீக் ஆட்டங்களை நீங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. "அது வீட்டுச் சமையல். விருந்தாளி வந்தாத்தான் கதை" என்பீர்கள்.

பள்ளிக்கூடப் பெண்ணாக அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்த ஆட்டம் ஒன்று. ஸ்பெயினிலிருந்து பெரிய கிளப் ஒன்று வந்திருந்தது. முதல் ஆட்டத்தில் அவர்கள் ஊரில் உங்களுக்கு மூன்று கோல் போட்டுவிட்டு வந்தவர்கள். உங்கள் ஊரில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் நீங்கள் வெளியே. ஆனால் அந்த ஒரு கோலை நீங்கள் கிழங்கு வைத்துச் சொல்லும்போது, கோப்பையே வென்றதுபோல நாங்கள் கை தட்டினோம். பிறகு நீங்கள் சிட்னிக்கு வந்த காலத்தில், லண்டன் கிளப் ஒன்றை மூன்று கோலால் அடித்த கதை. அதற்குக் கரட் போதாமல் பீற்றூட்டையும் இறக்கினீர்கள்.

உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆட்டம் நடக்கும்போதே பார்த்த கோலைத்தான் சொல்வீர்கள். பிறகு வீடியோவில் பார்த்ததைச் சொல்லமாட்டீர்கள். யாராவது கேட்டால், "அது எனக்குக் கேள்விப்பட்ட செய்தி. நான் பார்க்கேல்லை" என்று முடித்துவிடுவீர்கள். ஐரோப்பாவில் இரவென்றால் இங்கே விடியற்காலை. உங்கள் அணிக்காக நீங்கள் எழும்பாத காலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த மே மாதத்தை எழுதித்தான் ஆகவேண்டும். வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த வாரம். அங்கே இருந்த என் தம்பியின் குரலை நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தால் போனைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று விடியவே வேலைக்குப் புறப்பட்டேன். வீதி முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது கால் இரண்டும் விட்டுப்போயின. உங்களுக்குத்தான் போன் எடுத்தேன்.

"அக்கா, என்னால நிக்க ஏலாமல் இருக்கு."

"அங்கேயே இருங்கோ. வாறன்."

ஒரு சொல் கூடக் கேட்காமல் வந்தீர்கள். காரில் ரேடியோ பாடவில்லை. இருக்கையின் பின்னால் எப்போதும் கிடக்கும் செம்மஞ்சள் கறுப்பு மஃப்ளரைக் காணவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போனோம். நான் இறங்கவில்லை. நீங்கள் காரைத் திருப்பி என் வீட்டுக்கே கொண்டுவந்தீர்கள். தேத்தண்ணி போட்டீர்கள். மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பின்னேரம்வரை உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கவேயில்லை. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அன்று நான் நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. இந்த ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு சந்தோஷம் இருக்கிறது, இந்த ஒரு மனுஷிக்குத்தான் இன்றைக்கு என்னைப்போல ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சில வாரம் கழித்துத் தேன் கேக் ஒன்று செய்துகொண்டு வந்தீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு "சும்மா" என்றீர்கள். உங்கள் அணி இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையை வென்றுவிட்டது என்று பிறகு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அணிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை. கூடுதல் நேரத்தில் விழுந்த கோல். என்றைக்கு நடந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் எனக்கு நாள், கிழமை ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

வருஷங்கள் போய் எனக்கு மறுபடி வாய் நீண்டபோது, அந்த வாயைக்கொண்டு என்ன செய்தேன்? உங்களைக் கிண்டல் செய்தேன்.

"எல்லாக் கோலும் சொல்லுவா, கப் எடுத்த கோலை மட்டும் சொல்லமாட்டா! அண்டைக்கு அக்கா நல்ல நித்திரை போல!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"ஓம், நித்திரை கொண்டிட்டன்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கை மறுபடி கூடைக்குள் போட்டீர்கள்.

அது நம் சமையலறையின் நிரந்தரப் பகிடி ஆகிவிட்டது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் நான் எடுத்துவிடுவேன். உங்கள் பிரியாவிடைக்கு வாங்கிய கேக்கில் தூங்குகிற முகம் ஒன்றை ஐஸிங்கில் வரையச் சொன்னதும் நான்தான். அதையும் சிரித்துக்கொண்டுதான் வெட்டினீர்கள்.

இதற்கிடையில் உங்கள் ஊருக்கும் போர் வந்திருந்தது. அணி அந்த நகரத்தைவிட்டு வெளியேறியது. முதலில் நாட்டின் வேறு ஊர்களில் ஆடினார்கள், பிறகு அதுவும் முடியாமல் வார்சா, ஹாம்பர்க் என்று பிறத்தியார் மைதானங்களில். அவற்றையும் டீவியில் "சொந்த மைதானம்" என்றே போட்டார்கள். "என்ர வீட்டு ஆட்டத்துக்கு நான் பாஸ்போட் காட்டவேணும்" என்றீர்கள் ஒருநாள். எங்கள் ஆட்கள் சிட்னியில் கோயில் கட்டித் தேர் இழுப்பதைச் சொல்லி உங்களைத் தேற்றப் பார்த்தேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். தேறியது யார் என்று தெரியவில்லை.

ஹாம்பர்க் ஆட்டத்தை உங்கள் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். ஸ்பெயினிலிருந்து அதே பழைய கிளப். ஒரு கோலால் வென்றீர்கள். தலையால் முட்டிய கோல். நீங்கள் கத்தவில்லை. எழும்பிக் குசினிக்குள் போனீர்கள், அங்கே படமாக இருந்த அப்பாவுக்குச் சொல்லிவிட்டு வருவதாக. திரும்பி வரும்போது கையில் கிழங்கு இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம். உங்கள் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். லிட்கம்மில் உங்கள் ஆட்களின் தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் உங்கள் மகனைச் சிரிக்கவைக்கலாம் என்று என் பழைய பகிடியை எடுத்தேன். பெரிய ஆம்பிளையாகிவிட்டவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா நித்திரை கொள்ளேல்லை, அன்ரி. அண்டைக்கு அவ லீவு போட்டிருந்தவ. நானும் அவவும் சோபாவில இருந்து பாத்தனாங்கள். தொண்ணூறு நிமிஷம் முடிய ஒண்டுக்கு ஒண்டு. அப்பதான் உங்கட கோல் வந்தது."

அவன் சொன்னது போன் கோல். நான் பஸ் நிறுத்தத்திலிருந்து எடுத்தது.

"நீ பார், நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டு மஃப்ளரைக் கழட்டிக் கதிரையில வைச்சிட்டுப் போனவ. கார்ல கிடந்ததையும் எடுத்து உள்ள எறிஞ்சவ. கோல் விழேக்க நான் தனியக் கத்தினன். பின்னேரம் வந்து முதல் கேட்டது, 'நல்ல கோலா?' எண்டு. நல்ல கோல் எண்டன். வேறொண்டும் கேக்கேல்லை."

இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். "அன்ரிட்டச் சொல்லாத, அவவுக்கு இருக்கிறது போதும் எண்டு சொன்னவ. இப்ப சொல்லலாம் எண்டு நினைக்கிறன்."

வீட்டுக்கு வந்து அந்தக் கோலைத் தேடிப் பார்த்தேன். வலது பக்கத்திலிருந்து தாழ்வாக வந்த பந்து. ஓடிவந்தவன் நிறுத்தாமல் அடிக்கிறான். கோல் கீப்பரின் கையில் பட்டும் உள்ளே போகிறது. வாழ்நாள் முழுவதும் நீங்கள் காத்திருந்த கோல் அது. அந்த நேரம் நீங்கள் எனக்காகச் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் சந்தோஷத்தை எடுத்ததுகூடப் பரவாயில்லை, அது தெரியாமல் எடுத்தது. நீங்கள் நித்திரை கொண்டு அதைத் தவறவிட்டீர்கள் என்று ஊரறியச் சிரித்தேனே, அந்த ஐஸிங் முகத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலை அழகாக முடித்திருப்பேன். முடியவில்லை.

உங்கள் இடத்துக்கு வந்தவள் ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண். என்னை அக்கா என்கிறாள். தாயார் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எந்த நேரமெண்டாலும் போன் எடும்" என்று அவளிடம் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன். உங்களைப்போல இருக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். உங்கள் அணியின் ஆட்டங்களையும் விடிய எழும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கோலாவது இருக்கட்டும் என்று.

போன மாதம் போலந்தில் ஓர் ஊரில் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரம். போன் அடித்தது. அவள் பெயர். நான் பார்த்தேன், அக்கா. பெயரைப் பார்த்தேன், டீவியைப் பார்த்தேன். மூலையிலிருந்து பந்தை அடிக்கப்போகிறார்கள். இது முடியட்டும், ஒரு நிமிஷம்தானே என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அடித்து ஓய்ந்தது. கோல் விழுந்தது. நான் எழும்பிக் கத்தினேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு எடுத்தேன்.

"பரவால்லக்கா, பஸ்ஸு வந்துருச்சு. ஏறிட்டேன்."

குரல் சரியில்லை. வேலைக்குப் போனபிறகுதான் தெரியும். அவள் உடை மாற்றாமல் அலுமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"அம்மா தவறிட்டாங்கக்கா. வீட்டுல இருக்க முடியல, கிளம்பி வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்க முடியல, அதான் கூப்பிட்டேன். தூங்கிட்டு இருந்தீங்களோ?"

"ஓம்" என்றேன். "நித்திரை கொண்டிட்டன்."

உங்கள் சொல்லையே எடுத்துச் சொன்னேன். நீங்கள் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நான் என்னைக் காப்பாற்றச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "எழுப்பிட்டேனோன்னு பயந்துட்டேன்" என்றாள். அன்றே ஊருக்குப் பறந்தாள்.

அந்தக் கோலை நான் பார்த்தேன். நடக்கும்போதே பார்த்தேன். உங்கள் கட்டுப்பாட்டின்படி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மூலையிலிருந்து பந்து எப்படி வளைந்தது, யார் குனிந்தான், யார் முட்டினான், எல்லாம் தெரியும். அதைத்தான் இன்று காலை மேசையில் வைத்தேன். அதைத்தான் தள்ள முடியவில்லை.

இன்று மத்தியானம் அவள் ஈப்போவிலிருந்து திரும்பி வருகிறாள். விமான நிலையத்துக்கு நான்தான் போகிறேன். இந்தக் கறியும் சோறும் அவளுக்கு. காரில் ஏறியதும், சாப்பாட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், அன்று நான் நித்திரை கொள்ளவில்லை என்று அவளிடம் சொல்லவேண்டும். என்ன சொல்வாளோ தெரியாது. பேசாமல் இறங்கிப் போனாலும் போகட்டும்.

புதிதாக எடுத்த கிழங்குகளில் பெரியதை மட்டும் சீவாமல் எடுத்துவைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டு வந்து, உங்களுக்கு அந்தக் கோலைச் சொல்கிறேன், அக்கா.