மூன்று நிமிடத்துக்குப் பிறகு பேசியது

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தியும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொழுது விடிந்தால் எனக்கு முதல் நினைப்பு. சுகம் என்று எழுதாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தார், அதனால் எழுதினேன், உடம்பை மட்டும் கேட்டால் அது பொய்யும் இல்லை. பின் அறைக் கூரை ஒழுகியதை அடைத்தாயிற்று. சித்தி தன் துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள், உப்பு போதவில்லை என்று மூன்று வேளையும் சொல்கிறாள், வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருப்பது நல்லதுதான். பேத்தி தன் கையால் எழுதிய கடிதம் வந்தது. அன்புள்ள பாட்டி என்பதில் ஒரு ட் விட்டுப்போய் அன்புள்ள பாடி என்று எழுதியிருக்கிறாள், சித்தி இருமல் வரும் வரை சிரித்தாள். ஆனால் அந்த எழுத்தைப் பார், கோணல் மாணல் இல்லாமல் அச்சில் வார்த்தது போல இருக்கிறது, அந்த வயதில் நான்கூட அப்படி எழுதியதில்லை. தெருவில் யாரும் பாக்கியில்லை, எல்லாரிடமும் காட்டிவிட்டேன்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ சரிம்மா விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன், அதனால்தான் காகிதம். உன் பழைய டிராயிங் வாத்தியார், அப்பாவோடு ரேடியோவில் பேசுவாரே, நாமெல்லாம் ரம்பம் என்போமே, அவர் உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். என் கடிதத்துக்கு முன்னால் அது உன் கைக்கு வந்தால் நீ கொதித்துப் போவாய். அதில் உன்னைத் திட்டியிருப்பார். அவர் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, எப்படி என்று முழுக்கப் படித்துவிடு, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

டாக்ஸி கம்பெனி செல்போனுக்கு மாறியபோது கார்களில் இருந்த ரேடியோ செட்டுகளைக் கழற்றிப் பழைய இரும்போடு போடச் சொன்னார்கள் இல்லையா, இத்தனை வருஷம் அவற்றை ரிப்பேர் பார்த்த உன் அப்பாவுக்கு மனசு கேட்காமல் ஏழு செட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். நீ போன வருஷம் வந்தபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தது அதுதான். அதில் இரண்டைப் பிரித்து, டாக்ஸி அலைவரிசையிலிருந்து, லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோக்காரர்கள் அலைவரிசைக்கு மாற்றி, இரண்டையும் ஒயரால் கோத்து ரிப்பீட்டர் செய்தார். எனக்கு எப்படிப் புரியவைத்தார் தெரியுமா, ஒரு செட்டு காது, ஒரு செட்டு வாய், காது கேட்டதை வாய் அந்த நொடியே பலமாகச் சொல்லும், ஊருக்கு இந்தக் கோடியில் இருப்பவன் பேசுவது அந்தக் கோடியில் இருப்பவனுக்குக் கேட்கும் என்றார். அப்படியென்றால் கிளிப்பிள்ளை என்று சொல்லுங்கள் என்றேன், அன்றிலிருந்து அப்பாவோடு ரேடியோவில் பேசுகிற பதினோரு பேருக்கும் அதன் பெயர் கிளிப்பிள்ளை ஆகிவிட்டது. டாக்ஸி செட்டு இரண்டு வார்த்தை பேசி ஓயும் செட்டு, ஓயாமல் பேசினால் வெந்துவிடும் என்று சக்தியைக் குறைத்து முதுகில் ஒரு குட்டி ஃபேன் வைத்தார். வாய் போடுகிற சத்தத்தில் காது செவிடாகாமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு நாலு உலோக டப்பா வேறு, அதைத் திருகித் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மிச்சத்தை அந்தக் கூட்டத்தில் இருக்கிற மருந்துக்கடைக்காரரும் ரம்பம் வாத்தியாரும் முடித்து, போன மாதம் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அறைக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். வீட்டில் அப்பாவுடைய செட்டை எனக்காக வைத்துவிட்டுப் போனார்கள். நான் பேசக் கூடாது, லைசென்ஸ் இல்லை, அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். சாயங்காலம் காய் நறுக்கும்போது கேட்பேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் அந்தச் செட்டு இருக்கிற மேஜையைத் துடைத்தேன். மைக்கை எடுத்து நாற்காலியில் வைத்தேன், செட்டின் மேல் துடைக்கிற துணியைப் போட்டேன், கொடியிலிருந்து எடுத்த துணியைக் கொண்டுவந்து அந்த நாற்காலியிலேயே குவித்தேன். மடிக்கலாம் என்று சித்தியும் வந்து உட்கார்ந்து அந்தக் குவியலில் சாய்ந்துகொண்டாள். மைக்கின் பொத்தான் அடியில் அமுங்கிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், மேலே துணி கிடந்ததால் தெரியவில்லை. நாங்கள் பேசியதெல்லாம் கிளிப்பிள்ளை வழியாக ஊர் முழுக்கப் போனது.

என்ன பேசினோம் என்று சொல்கிறேன், மறைக்கவில்லை. சித்திதான் ஆரம்பித்தாள், அத்தான் அத்தனை நாள் படுத்திருந்தாரே, பொண்ணு ஏங்க்கா முன்னாடியே வரல என்று. நான் சொன்னேன், பெத்த அப்பன் மூச்சுக்குத் தவிக்கிறார்னு போன் போட்டுச் சொல்றேன், லீவு தர மாட்டாங்கம்மான்னு வச்சிட்டாடி, எல்லாம் முடிஞ்சப்புறம் ஒன்பது நாள் வந்து இருந்துட்டு அப்பா போட்டோவ எடுத்துட்டுப் போனா, அவளுக்கு வேல பெருசா அப்பன் பெருசா, நீயே சொல்லு என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஓடிவந்து, அண்ணி, மொதல்ல அந்த மைக்க எடுங்க, ஊரே வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணியைத் தூக்கினால் மைக் கிடக்கிறது, செட்டின் முதுகு இஸ்திரிப் பெட்டி போலச் சுடுகிறது. பாவம் அவர், லைசென்ஸ் இல்லாமலே பெரிய ஸ்டேஷன் நடத்திட்டீங்க அண்ணி என்று தமாஷ் பண்ணப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை அவருக்கே. எவ்வளவு கேட்டது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, வேல பெருசா அப்பன் பெருசா வரைக்கும்தான், அப்புறம் கட் ஆயிடுச்சு என்றார். ரம்பம் வாத்தியார் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதற்காக உன் அப்பா ஒரு டைமர் வைத்திருந்தாராம், யாராக இருந்தாலும் மூன்று நிமிடம், அதற்கு மேல் கிளிப்பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாத்தியாருக்கு வைத்த டைமரில் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகு நான் பேசியது சித்திக்கு மட்டும்தான் கேட்டது. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். அவ என்னதான் சொன்னா, வார்த்தைக்கு வார்த்தை சொல்லுக்கா, நான் அவகிட்டக் கேக்கறேன் என்று சித்தி விடாமல் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உடைந்துவிட்டது. நான் உனக்குச் சொல்லவே இல்லை என்று அவளிடம் சொன்னேன். நீ வந்தபோது திடீரென்று ஆகிவிட்டது என்று சொன்னேனே, அது பொய் கண்ணு. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார். முதலில் அவரே, குட்டிக்குச் சொல்லாதே, புது வேலை, பயந்துடுவா என்றார். டாக்டரும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார், நம்பினேன். கடைசி வாரம் அவரே வாய் திறந்து, அவள வரச் சொல்லேன் என்றார். வராந்தாவில் போய் நின்று உனக்குப் போன் போட்டேன். பேத்தி எடுத்தாள். முன் பல் ஆடுகிறது, நாக்கால் தள்ளினால் படுக்கிறது என்று கதை கதையாகச் சொன்னாள். அம்மா குளிக்கிறாங்க, கூப்பிடவா என்றாள். வேண்டாம் கண்ணு, சும்மாதான் என்று வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று இன்று வரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன்னை வா என்று சொல்லிவிட்டால் அவர் திரும்பி வீட்டுக்கு வர மாட்டார் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். உள்ளே போனதும் என்ன சொன்னா என்று கேட்டார், லீவு கிடைக்கலையாம் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு மாற்றிச் சொல்லத் துணிச்சல் இல்லை, நாலாம் நாள் போய்விட்டார். சொன்ன பொய்யையே சொல்லிச் சொல்லி, பார்க்க வந்தவர்களிடமும் சொல்லி, சில சமயம் நீ உண்மையாகவே வர மறுத்தாய் என்று உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ரம்பம் வாத்தியார் வந்தார். எங்கிட்ட படிச்ச பொண்ணும்மா, நாலு வார்த்தை எழுதத்தான் போறேன் என்று அட்ரஸ் கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், அட்ரஸ் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். அவர் விடுகிற ஆளா, எங்கேயோ விசாரித்து வாங்கி முந்தாநாள் வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டுவிட்டாராம். அது தெரிந்ததும் மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் குறையும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் அவர்கள் பதினோரு பேரும் ரேடியோவில் ஒவ்வொருவராக ஆஜர் சொல்வார்கள், நீங்க பேசக் கூடாது அண்ணி, நான் உங்க வார்த்தையா சொல்லிடறேன் என்றார். இன்று காலை சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தகவலே போகலை, அம்மா சொல்லலை, அதுதான் நடந்தது என்றார். பிறகு வாத்தியார், நான் அவசரப்பட்டு எழுதிட்டேன், அவ என்னை மன்னிக்கணும் என்று அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டார். உனக்கு முன்னால் அவர்களுக்குச் சொன்னது சரியா தப்பா தெரியவில்லை, பொய் அவர்கள் காதுக்குத்தான் போயிருந்தது, அதை அங்கே போய் எடுக்க வேண்டியிருந்தது. பதினோரு பேருக்கும் சொல்லியாயிற்று, உனக்கும் எழுதியாயிற்று. சொல்லியே ஆக வேண்டிய ஒருவருக்குச் சொல்வதற்குத்தான் வழியில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். கோபப்படவில்லை. பாவம், அவ என்ன பண்ணுவா, நீ போன்ல திட்டிகிட்டி வைக்காதே என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்றார். எனக்குக் கணக்குப் போட வரவில்லை, விடிஞ்சிருக்கும் என்றேன். அப்ப ஆபீஸுக்குக் கிளம்பிட்டிருப்பா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அதையே கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சித்தியிடம்கூட, உனக்கென்று வைத்திருந்தேன்.

நீயும் உன் வீடும் நிறைந்து நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு ஆயிரம் முத்தம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன மாத்திரையை நிறுத்திவிடாதே. என் மேல் வருகிற கோபத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளாதே, எழுது. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.

உன்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்ட
உன் அம்மா