பேய்க்கு ஏன் சிரிக்கிறார்கள்?

மார்ச் 4
பூமிக்கு வந்து இரண்டு மாதம். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம். நான் வேற்றுக் கிரகத்தான் என்று இதுவரை ஒருவருக்கும் சந்தேகமில்லை. இன்று புதுப்படம். செத்துப்போன கணவன் பேயாகத் திரும்பி வந்து மனைவியிடம் வம்பு செய்கிறான். பேய் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியதும் முந்நூறு பேரும் அலறினார்கள். அடுத்த நொடியே சிரித்தார்கள். பயமா, சந்தோஷமா? ஏதாவது ஒன்றில் நிற்கக் கூடாதா?

மார்ச் 5
எங்கள் கிரகத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினேன்: "இங்கே மனிதர், பேய் என இரண்டு இனம். பேய்கள் டிக்கெட் எடுப்பதில்லை."

மார்ச் 7
தலைமையகம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டது. பேய் என்பது மாவு பூசிய நடிகராம். எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததை எழுது, யாரிடமும் எதையும் கேட்காதே என்பதுதானே எங்கள் சட்டம்.

பயந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று இருபதாம் தேதிக்குள் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் அனுப்பி அழைத்துக்கொள்வார்கள். இருநூறு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை இது. விடமாட்டேன்.

மார்ச் 12
பதினெட்டாவது தடவை. பேய் சட்டியைத் திறந்து ருசி பார்த்து, "உப்பே இல்ல" என்னும் இடத்தில் நானும் சிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் மனைவி அழும் காட்சி. முன்வரிசைக்காரர் திரும்பி, "யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா?" என்றார். கண்டுபிடித்துவிட்டாரோ?

மார்ச் 15
பார்த்துப் பிரயோஜனமில்லை. கேட்கத்தான் வேண்டும்.

மார்ச் 16
கேட்டுவிட்டேன். பாப்கார்ன் விற்கும் அக்காவிடம். (எனக்கு வயது நானூற்றுப் பத்து. ஆனாலும் அவருக்கு நான் தம்பி.) அந்த உப்புக் காட்சிக்கு மட்டும் தினமும் உள்ளே வந்து நின்று சிரிப்பவர்.

"பயமா இல்லையாக்கா?"

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் தம்பி, வாயில வச்சதும் குறை சொல்லுவாரு. போயி மூணு வருசமாச்சு. இப்ப கேக்க ஆளில்ல."

"அவர் இப்படி வந்துட்டா?"

"வரட்டுமே. கரண்டியால நாலு போட்டுட்டு, சோறும் போடுவேன்."

"பேய் மேல கரண்டி படாதுக்கா. இருபத்தாறு தடவை பாத்துட்டேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் தொண்டைக்குள்ளிருந்தும் ஏதோ கிளம்பி வந்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்த விருப்பமும் இல்லை.

மார்ச் 18
அனுப்பினேன்: "பயம், பேய் வந்ததற்கு. சிரிப்பு, வந்தது நம் ஆள்தான் என்பதற்கு." அக்காவிடம் கேட்டதையும் எழுதினேன். மறைக்க மனம் வரவில்லை.

மார்ச் 19
பதில்: "விளக்கம் சரி. கேட்டது குற்றம். வேலை போயிற்று. நாளை கப்பல்." இருந்தாலும் லேசில் ஏறிவிடப் போவதில்லை.

மார்ச் 20
கப்பல் ஓட்டுநர் காலையிலேயே வந்துவிட்டார். கறார் பேர்வழி. "ஒரே ஒரு காட்சி பாத்துட்டுக் கிளம்பலாம்" என்று கெஞ்சி, பக்கத்தில் உட்கார வைத்தேன். பேய் தொங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்புறம் விடவே இல்லை.

இடைவேளையில், "கப்பல் ரிப்பேருன்னு எழுதிடவா?" என்றார் மெதுவாக. ஒரு வாரம் ஆகும் என்று எழுதினார். வாங்கி, ஒரு வருடம் என்று திருத்திக் கொடுத்தேன்.