தாங்கியில் பெற்றோல் இருக்கட்டும்

ஷாஃப்ஹவுசன்
3.12.1995

என் அன்பு ஜெயமலருக்கு,

நீ கார்த்திகையில் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மகள் கஜேந்தினிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். எனக்கு இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை.

தையில் ஏஜென்சிக்காரனோடு மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் அண்ணை கனகரத்தினம் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டாராம். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். கோபிக்காமல் வாசி.

ரைன் ஆற்றங்கரையில் படகு திருத்தும் பட்டறையில் எனக்கு வேலை என்று உனக்குத் தெரியும். ஐப்பசி பிறந்தால் இங்கே குளிர்காலம் முடியட்டும் என்று சொந்தக்காரர்கள் படகையும் மோட்டார் சைக்கிளையும் எங்கள் கொட்டகையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பங்குனி வரை அவை அங்கேதான். அப்படி விடுமுன் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் ஒரு மருந்தும் ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். பிறகு பெற்றோல் குழாயைப் பூட்டி, காபரேற்றரில் மிச்சம் கிடப்பது எரிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை பார்த்திருக்க வேண்டும். முதலாளி எல்லாம் செய்து காட்டினார். நானும் தலையாட்டினேன்.

அவர் இரண்டு கிழமை லீவில் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஓடாத வண்டியில் யாராவது பெற்றோலை நிரப்பி வைப்பானா? பெற்றோல் தடையில் நம் படுவான்கரையில் அதைப் போத்திலில் வாங்கி, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். தாங்கி நிறைந்திருந்தால் இரவோடு யாராவது கொண்டுபோய்விடுவார்கள், விடிய வண்டி இராது. ஷெல் விழுந்தால் வீடே இராது. ஆகவே ஒன்பது மோட்டார் சைக்கிள், நாலு படகு, எல்லாத் தாங்கிகளையும் சொட்டு இல்லாமல் வடித்து, கான்களில் ஊற்றி, சொந்தக்காரர் பெயரை எழுதி அடுக்கி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. விசரன்!

திரும்பி வந்த முதலாளி டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெறும் தாங்கிக்குள் ஈரம் வேர்த்து, இரும்பெல்லாம் துரு. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதைதான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச் பாஷையில் ஊர்க் கதையைச் சொன்னேன். மண்ணெண்ணெயிலா ஓடினீர்கள் என்று இரண்டு தரம் கேட்டார். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பங்குனியில் எல்லா எஞ்சினும் ஓட வேண்டும், ஓடினால் நீ இங்கே இருக்கலாம் என்றார்.

இந்த வேலை நிரந்தரம் என்று அவர் ஒரு கடிதம் தந்தால்தான் உங்கள் இருவரையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். இந்த மாதம் தருவதாக இருந்தவர், இப்போது பங்குனி போகட்டும் என்கிறார். பிழை என்னுடையதுதான். பத்து நாளாகத் தாங்கிகளைக் கழற்றித் துருவைக் கழுவி, மறுபடி நிரப்பிவிட்டேன். பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்றாவது ஒரு படகினுடையது. அதைக் கழற்ற வழியில்லை. உள்ளே என்ன கிடக்கிறது என்று பங்குனியில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெயமலர்.

என்னோடு அறையில் இருக்கும் இரவீந்திரன், அண்ணை சொல்லும் அதே ஏஜென்சி வழியால் களவாக எல்லை தாண்டி வந்தவன். போன தையில் எல்லையில் இரண்டு நாள் பனிக்குள் நடந்திருக்கிறான். இடது காலில் மூன்று விரல் இல்லை. அவனுக்கு இருபத்தாறு வயது. நம் மகளுக்கு ஐந்து.

வெளிக்கிடாதே. அண்ணை என்னை ஏசினால் ஏசட்டும். மூன்று வருடம் காத்திருந்தவளிடம் இன்னும் நாலு மாதம் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலாளியின் கடிதம் கிடைத்தால் அன்றைக்கே பிரதி எடுத்து அனுப்புவேன். கிடைக்காவிட்டாலும் நீ வர வேண்டாம், நான் வந்துவிடுகிறேன். எனக்கு ஏஜென்சியும் தேவையில்லை. திருப்பி அனுப்புவதென்றால் டிக்கெட்டை இந்த நாட்டு அரசாங்கமே போட்டுத் தரும்.

கொக்கட்டிச்சோலையான் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான். பயணத்துக்கென்று மகளுக்குச் சப்பாத்து வாங்கியதாக எழுதியிருந்தாய். அதைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகட்டும்.

உங்கள் இருவரின் நினைவோடு,
யோகராஜா