நீ ‘ம்’ போடாத இடம்

அடி என் பூச்சி,

நேற்று உன் சித்தி மகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனேன். தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணுக்குள்ளேயே படமாகக் கதை ஓடுகிற அந்தப் பெட்டியை வைத்திருக்கிற கடை இந்த வருசமும் வந்திருக்கிறது. அவள் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். உள்பஞ்சில் எத்தனையோ பிள்ளைகளின் தேங்காயெண்ணெய் வாடை. அதில் உன் தலை வாடையும் இருக்குமோ என்று முகத்தருகே கொண்டுபோனேன். “அக்கா, அது கண்ணுல மாட்டுறது, மூக்குல இல்ல” என்றார் கடைக்காரர்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. புத்தகம் பார்த்துக் கதை சொல்லத் தெரியாது. நானாகக் கட்டிச் சொல்வேன். நம் ராட்சசன் அலங்காநல்லூர்க் கரும்புக் காட்டில் இருப்பான். நீ ‘ம்’ போட்டால்தான் அடுத்த அடி எடுத்துவைப்பான். ‘ம்’ நின்றால் நீ தூங்கிவிட்டாய் என்று நானும் நிறுத்திவிடுவேன். அதுதான் நமக்குள் சட்டம்.

எட்டு வயசில் நீ அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டபோதும் விடாமல் ‘ம்... ம்...’ என்றாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “பாப்பா, அதுக்குக் காது கெடையாது” என்றார் கடைக்காரர். இனிமேல் என் கதை உனக்குச் சப்பென்று இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

“எப்படிடி இருந்துச்சு?”

“சூப்பரும்மா. ராட்சசன் பல்லுகூடத் தெரியுது. ஆனா வேணும்னே ‘ம்’ போடாம இருந்து பாத்தேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு.”

“அப்ப நம்ம ராட்சசன்?”

“அவன் எனக்காக நிப்பான்ல. பாவம்மா அவன்.”

அந்தப் பெருமையில் கோரிப்பாளையத்தில் இறங்க மறந்துபோனேன்.

மறுவருசம் காய்ச்சலில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் மத்தியானம் நீயாகத்தான் கதை கேட்டாய். ராட்சசன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். ‘ம்’ என்றாய். இடுப்பளவு தண்ணீருக்கு வந்தான். ‘ம்’ வரவில்லை. பிள்ளை தூங்கட்டும் என்று நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வந்து உன் கையைப் பிடித்துப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

அந்த மீதிக் கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை. உன் சித்தி மகள் கேட்டும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி மாதிரி நானும் என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிருக்கலாம். சட்டமாவது ஒன்றாவது.

நான் நிறுத்தினபோது, ‘ம்’ சொல்லத்தான் வாய் வராமல், நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா, பூச்சி?