மூத்தவள் என்ற மேசை

மார்ச் 4, திங்கள்

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். காலையிலிருந்து என் மனைவி ஏழு முறை துடைத்துவிட்டாள், ஏழு முறையும் சொட்டச் சொட்ட ஈரத்துணியால். துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், துடைக்கவே இல்லை என்று இவளுக்குத் தோன்றிவிடுகிறது. மறதி நோய் இப்படித்தான் போகும் என்று டாக்டர் முன்பே சொன்னார்.

தெரிந்தும் கத்திவிட்டேன். நாற்பது வருடப் பழக்கம்.

மார்ச் 6

பாலிஷ்காரர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகல சார். மேல பூசின அரக்குதான் ஈரம் பட்டு வெளுத்திருக்கு. காஞ்ச துணியால துடைங்க. எப்பவாவது ரெண்டு சொட்டு எண்ணெய் போதும்."

எனக்கே பாடம். இந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பாடத்தை நடத்தியவனே நான்தான். கல்யாணத்துக்கு முன்பே ஆசை ஆசையாக வாங்கிய தேக்கு மேசை. அதனால் இவள் அதற்கு வைத்த பெயர் மூத்தவள். "உங்க மூத்தவ மேல காபி சிந்திடுச்சு. எனக்கு இன்னைக்கு இருக்கு" என்பாள், சிரித்துக்கொண்டே.

சிரித்துக்கொண்டேதானா? சரியாக நினைவில்லை.

அடுத்த வாரம் புதிதாகப் பாலிஷ் போட்டுத் தருகிறாராம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

மார்ச் 7

வீட்டில் இருந்த துடைக்கும் துணிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில்.

மார்ச் 9

அறை அறையாகப் போய்த் தேடுகிறாள். தலையணையைத் தூக்கிப் பார்க்கிறாள். "என்ன வேணும்?" என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று சுவரோடு ஒதுங்குகிறாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேசை மட்டும் சொட்டு ஈரம் படாமல் இருக்கிறது.

மார்ச் 10

மகள் போன் செய்தாள். துணியைப் பூட்டி வைத்ததைச் சொன்னேன். "அப்பா, பூட்டினது அம்மாவுக்காகவா, மேசைக்காகவா?" என்றாள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 12

எழுத கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

மதியம் குளித்துவிட்டு வந்தால், டம்ளர் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து, வெறும் கையாலேயே மேசையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கை செக்கச்செவேல் என்று கன்றிப்போயிருந்தது. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். மறு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "துடைச்சிட்டேன், துடைச்சிட்டேன்... கறை இல்ல பாருங்க, கத்தாதீங்க" என்றாள்.

நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. கத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் — அவ்வளவுதானா?

இவளுக்கு மகள் பிறந்த நாள் மறந்துவிட்டது. இந்த வீட்டின் கதவு எண் மறந்துவிட்டது. நான் கத்துவேன் என்பது மட்டும் மறக்கலையே. கறை கறைன்னு நாற்பது வருஷமா கத்தி இதைத்தானே உள்ளே ஏத்தி வச்சிருக்கேன். பாவி, பாவி.

மார்ச் 13

பாலிஷ்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே மெத்தென்ற துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 2

மூத்தவள் முழுக்க வெளுத்துவிட்டாள். ஓரங்களில் அரக்கு உரிகிறது. இவள் துடைத்து முடித்துப் பெருமூச்சு விடுகிறாள், பிறகு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். கால் மணி நேரம் நிம்மதி. அப்புறம் மறுபடியும்.

மகள் வந்திருந்தாள். சூடான பாத்திரத்தை வெறும் மேசையில் அப்படியே வைத்துவிட்டு, பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டைப் போடும்மா என்றேன்.

ஏப்ரல் 20

இன்று என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். நல்ல பெயர் என்றாள்.

மே 19

காலையில் துணியை வைத்துக்கொண்டு மேசை முன்னால் விழித்துக்கொண்டு நின்றாள். எதற்கு வந்தோம் என்பதே பிடிபடவில்லை போலிருக்கிறது. கண் கலங்க ஆரம்பித்தது. நான் என் காபியைக் கொஞ்சம் மேசையில் சாய்த்து ஊற்றினேன்.

உடனே முகத்தில் உயிர் வந்துவிட்டது. "நீங்க பாலிஷ் போட வந்தவர்தானே? கொஞ்சம் தள்ளிக்கோங்க. எங்க வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள துடைச்சிடறேன். பார்த்தா கத்துவார்."

"இப்பல்லாம் அவர் கத்தறதில்லம்மா."

"உங்களுக்கு அவரைத் தெரியாது" என்றாள், வாசலைப் பார்த்துக்கொண்டே.

நானும் ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.